அரை ஸ்க்ரிபுலம்: புனித பேட்ரிக்கின் வரவு செலவு

அயர்லாந்தின் புனித பேட்ரிக் என்றதும் பச்சைச் சட்டை, மூவிலைக் கொழுந்து, கடலுக்குள் விரட்டப்பட்ட பாம்புகள் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அவற்றை ஓரமாக வைத்துவிட்டு அவர் எழுதியதைப் படித்தால் வேறொரு ஆள் தெரிகிறார். 5ஆம் நூற்றாண்டில் வேதம் சொல்லப் போன அந்த மனிதர், யாருக்கு என்ன கொடுத்தேன், யாரிடம் எதை வாங்க மறுத்தேன், அதனால் யார் யார் என்மேல் கோபப்பட்டார்கள் என்று தன் வாயாலேயே சொல்லி வைத்திருக்கிறார். (யாழ்ப்பாணத்தாருக்கு அவர் பத்திரிசியார். அவர் பெயரில் அங்கே ஒரு கல்லூரியே இருக்கிறது.)

அவர் எழுதியவை இரண்டுதான். ஒன்று 'கொன்ஃபெஸ்ஸியோ' என்னும் அறிக்கை. மற்றது கொரோட்டிகஸ் என்ற தலைவனின் படைவீரர்களுக்கு எழுதிய கடிதம். இன்றைய பதிப்புகளில் முதலாவது 62 பத்திகள், இரண்டாவது 21. இரண்டையும் ஒரு மாலையில் படித்து முடித்துவிடலாம். லத்தீன் கரடுமுரடு. தான் படிக்காதவன், நாட்டுப்புறத்தான் என்று அவரே பலமுறை சொல்கிறார். அந்தக் கரடுமுரடுதான் நம்பிக்கை தருகிறது. கதை ஜோடிக்கிறவர்கள் இதைவிட நன்றாக ஜோடித்திருப்பார்கள்.

ஆளின் பின்னணியைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். பிறந்தது ரோம ஆட்சியின் கடைசிக் காலத்துப் பிரிட்டனில். தந்தை கல்போர்னியுஸ் திருத்தொண்டர் (குருவுக்கு அடுத்த நிலைத் திருச்சபைப் பணியாளர்), பாட்டனார் பொத்தித்துஸ் குரு. கடிதத்தில் இன்னொரு தகவல் வருகிறது: தந்தை 'தெக்கூரியோ', அதாவது நகர மன்ற உறுப்பினர். திருத்தொண்டரே மன்ற உறுப்பினராகவும் இருந்ததில் ஒரு சங்கதி உண்டு. வரி வசூலில் குறை விழுந்தால் மன்றத்தார் தங்கள் சொத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும். கான்ஸ்டன்டைன் பேரரசர் திருச்சபைப் பணியாளர்களுக்கு அந்தச் சுமையிலிருந்து விலக்குக் கொடுத்ததும், நிலபுலன் உள்ளவர்கள் பலர் திருச்சபைப் பட்டம் வாங்கப் புறப்பட்டுவிட்டார்கள். அதைத் தடுக்கத் திரும்பத் திரும்பச் சட்டம் போட வேண்டியிருந்தது. கல்போர்னியுஸும் அப்படிப் பட்டம் வாங்கியவர்தானா என்று மகன் சொல்லவில்லை. ஆனால் சிறுவயதில் தனக்குக் கடவுளைத் தெரியாது, குருக்கள் சொன்னதைக் கேட்கவில்லை என்று சொல்கிறார். அந்த வீட்டில் பக்தி எவ்வளவு இருந்தது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம்.

ஏறக்குறைய 16 வயதில் கடற்கொள்ளையர் பிடித்துப்போய் அயர்லாந்தில் அடிமையாக்கினார்கள். ஆறு வருடம் மந்தை மேய்ப்பு. பகலில் நூறு செபம், இரவில் ஏறக்குறைய அதே அளவு. பிறகு கனவில் ஒரு குரல், தப்பித்தல், கப்பல் நின்ற இடம்வரை 200 மைல் நடை. ரோம மைல் ஏறத்தாழ 1.48 கிலோமீட்டர், ஆகவே சுமார் 300 கிலோமீட்டர். அவர் மேய்த்தது அன்ட்ரிம் பகுதியின் ஸ்லெமிஷ் மலையில் என்று சொல்லும் மரபு இந்த எண்ணிடம் தடுக்கி விழுகிறது. ஸ்லெமிஷிலிருந்து ஒரு நாள் நடைக்குள் கிழக்குக் கடற்கரை வந்துவிடும். அயர்லாந்தில் அவர் பெயர் சொல்லும் ஒரே இடம் 'மேற்குக் கடலை ஒட்டிய வோக்லுட் காடு'. அதை மேயோ பகுதியில், கில்லாலா பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 300 கிலோமீட்டர் பொருந்துகிறது. ஸ்லெமிஷில் மார்ச் 17 அன்று ஏறுகிறவர்கள் ஏறட்டும், மலை அழகான மலைதான்.

ஊர் திரும்பியபின், வோக்லுட் மக்கள் 'மறுபடி வந்து எங்கள் நடுவே நட' என்று அழைப்பதுபோல் ஒரு கனவு காண்கிறார். பல வருடம் கழித்து ஆயராக, அதாவது பிஷப்பாக, திரும்பிப் போகிறார். கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

ரோம உலகில் ஆயர் என்றால் ஒரு நகரத்தின் ஆயர். நகரம், சாலை, நாணயம், நீதிமன்றம் என்று எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அவர் போய் உட்கார்ந்தால் போதும். அயர்லாந்தில் நகரமே கிடையாது. நாணயப் புழக்கம் இல்லை. ரோமர் போட்ட சாலை இல்லை. இருந்ததெல்லாம் 'தூஆத்' எனப்படும் குட்டி அரசுகள், நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அரசன். ஒருவனுக்குரிய சட்டப் பாதுகாப்பு பொதுவாக அவனுடைய தூஆத்தின் எல்லையோடு முடிந்துவிடும். அவனைக் கொன்றால் ஈடு கேட்க உறவுக்கூட்டம் வேண்டும். கடல் தாண்டி வந்தவனுக்கு உறவும் இல்லை, மானவிலையும் (ஒருவனின் அந்தஸ்துக்கேற்ற ஈட்டுத் தொகை) இல்லை. ஐரிஷ் சட்ட நூல்களில் இப்படிப்பட்டவனுக்கு 'கூ க்லாஸ்' என்று ஒரு பெயர் உண்டு, 'சாம்பல் நாய்' என்று பொருள். உள்ளூரில் பெண் எடுத்தால் மனைவியின் மானவிலையில் பாதி அவனுக்குக் கிடைக்கும். பேட்ரிக் பெண் எடுக்கவும் இல்லை. சட்டப்படி அவரை வெட்டிப்போட்டால் கேட்க நாதியில்லை.

இல்லாத அந்தப் பாதுகாப்பை அவர் விலை கொடுத்து வாங்கினார். கொன்ஃபெஸ்ஸியோ 52ஆம் பத்தியில் இரண்டு செலவினங்கள் தனித்தனியாக வருகின்றன. முதலாவது, அரசர்களுக்கு வெகுமதி. இரண்டாவது, 'அது போக', தம்மோடு நடந்துவரும் அரசர்களின் மகன்களுக்குக் கூலி. இரண்டும் ஒன்றல்ல. வெகுமதி அந்த எல்லைக்குள் நுழைய. கூலி அங்கே உயிரோடு இருக்க. அரசன் மகன் கூட இருக்கும்போது கையை வைத்தால் அது அரசனின் மானத்தின் மேல் கைவைத்தது, ஈடு அரசன் அளவுக்குப் போகும். ஆகவே இளவரசனைச் சீடன் என்று மட்டும் பார்க்கக்கூடாது. அவன் நடமாடும் காப்புச் சீட்டு.

அதற்கு ஒரு குறை இருந்தது. எல்லை தாண்டினால் செல்லாது. அடுத்த தூஆத்தில் வேறு அரசன், வேறு மகன். அதே பத்தியில் அப்படி ஒன்று நடக்கிறது. கூலி கொடுத்தும் அவரையும் தோழர்களையும் பிடித்துவிடுகிறார்கள். கொன்றுவிட வேண்டும் என்று துடிக்கிறார்கள். கையில் இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டு இரும்பில் பூட்டுகிறார்கள். 14ஆம் நாள் விடுதலை, பறித்த பொருளும் திரும்புகிறது. ஏன்? பேட்ரிக் இரண்டு காரணம் சொல்கிறார்: கடவுள், அப்புறம் 'முன்கூட்டியே தேடி வைத்திருந்த நெருங்கிய நண்பர்கள்'. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார், கூச்சமே இல்லாமல். புனிதர் வரலாறு எழுதும் பிற்காலத்தார் இந்த இடத்தில் விலங்கு தானாக உடைந்தது என்று எழுதியிருப்பார்கள்.

அடுத்த பத்தியில் மூன்றாவது செலவினம். தாம் அடிக்கடி போய்வந்த பகுதிகளில் தீர்ப்புச் சொல்கிறவர்களுக்குக் கொடுத்தது '15 ஆட்களின் விலைக்குக் குறையாது' என்று மதிப்பிடுகிறார். ஆள் விலை என்பதைப் பிற்கால ஐரிஷ் சட்ட நூல்களின் கணக்கில் வைத்தால், சுதந்திர மனிதன் ஒருவனைக் கொன்றதற்கு ஈடு ஏழு 'குமல்'. பரவலான கணக்கில் ஒரு குமல் என்பது மூன்று கறவை மாடு. 15 பேருக்கு 105 குமல், அதாவது 315 மாடு. அந்த நூல்கள் பேட்ரிக்குக்கு இருநூறு வருடமாவது பிந்தியவை, ஆகவே இதைச் சுமாரான அளவாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சுமாராகப் பார்த்தாலும் பெரிய மந்தை. 'குமல்' என்ற சொல்லின் மூலப் பொருள் இன்னும் கனமானது: அடிமைப் பெண். அந்த நாட்டின் நாணயமே அடிமைதான். அதே நாட்டில் ஆறு வருடம் அடிமையாகக் கிடந்தவர் தம் செலவை ஆள் கணக்கில் எழுதுகிறார்.

இவ்வளவுக்கும் காசு எங்கிருந்து வந்தது? கடிதத்தின் 10ஆம் பத்தியில் 'என் உயர்குடிப் பிறப்பை விற்றேன், வெட்கப்படவில்லை' என்கிறார். தந்தையின் மன்றப் பதவியைச் சொன்ன கையோடு இதைச் சொல்வதால், குடும்பச் சொத்தை விற்று வந்த பணம் என்று பலர் படிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது.

செலவு இப்படி. வரவுப் பக்கம் சுழி. சிக்கல் முற்றியது அந்தச் சுழியால்தான்.

49ஆம் பத்தி. கிறிஸ்தவச் சகோதரர்கள், கன்னியர், பக்தியுள்ள பெண்கள் கேட்காமலே வெகுமதி தருகிறார்கள். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிப் பீடத்தின் மேல் போடுகிறார்கள். பேட்ரிக் அத்தனையையும் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். அவர்களுக்கோ ஆத்திரம், ஏன் இப்படிச் செய்தீர் என்று. வைத்த மொய்யை மறுநாள் காலையில் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்கள், அப்போது தெரியும். கொடுத்து வாங்குவதே உறவு என்றிருந்த சமூகத்தில் வாங்க மறுப்பது உறவை மறுப்பது. நான் கொடுத்ததை நீ வாங்கினால்தான் நாளை உன்னிடம் நான் உரிமையோடு வந்து நிற்க முடியும்.

அவருக்கு அது தெரியாமல் இல்லை. ஆறு வருடம் அந்த மக்களோடு கிடந்தவர். இருந்தும் மறுத்ததற்குக் காரணம் சொல்கிறார்: நம்பாதவர்கள் தம் பணியைப் பழிக்கத் துளி இடமும் கொடுக்கக்கூடாது. பழி பிரிட்டனில் கிளம்பிவிட்டது என்பது அறிக்கையின் தொனியிலேயே தெரிகிறது. அங்கே திருச்சபையின் மூத்தவர்கள் அவர்மேல் வழக்குக் கொண்டுவந்தார்கள். வெளியே எடுத்தது ஒரு பழைய பாவம். அவருக்கு 15 வயது ஆகியிருந்ததோ இல்லையோ என்ற பருவத்தில், ஒரு நாளில், ஒரு மணிப்பொழுதில் செய்தது. திருத்தொண்டர் ஆவதற்கு முன் உற்ற நண்பனிடம் மனம் திறந்து சொன்னது. அந்த நண்பனே 30 வருடம் கழித்துப் போட்டு உடைத்தான். அது என்ன பாவம் என்று எத்தனையோ பேர் துருவியிருக்கிறார்கள். எனக்கு அதைவிட 'அயர்லாந்துக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டான்' என்ற சந்தேகம்தான் முக்கியம். அறிக்கையின் பின்பகுதியில் பத்தி பத்தியாக அதற்குத்தான் பதில் சொல்கிறார்.

ஆக, இரண்டு ஊர், இரண்டு நியாயம். வாங்கினால் பிரிட்டனில் திருடன். வாங்காவிட்டால் அயர்லாந்தில் மரியாதை தெரியாதவன். பிரிட்டனின் நியாயத்துக்குக் கட்டுப்பட்டு, அதற்கான விலையை அயர்லாந்தில் கொடுத்தார்.

50ஆம் பத்தியில் சவால் விடுகிறார். இத்தனை ஆயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்தேனே, ஒருவரிடமாவது அரை ஸ்க்ரிபுலம் எதிர்பார்த்தேனா? பட்டம் கொடுத்த குருக்கள் யாரிடமாவது என் காலணியின் விலையையாவது கேட்டேனா? சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன். ரோம ராத்தல் சுமார் 327 கிராம், அதற்கு 12 அவுன்ஸ், அவுன்சுக்கு 24 ஸ்க்ரிபுலம். அரை ஸ்க்ரிபுலம் என்றால் 0.57 கிராம். ஐந்து குன்றிமணி எடைகூட வராது. 'சொல்லுங்கள், திருப்பித் தருகிறேன்' என்பது முதியவர் சாமுவேல் இஸ்ரயேலரிடம் 'யாருடைய மாட்டை எடுத்தேன்?' என்று கேட்கும் இடத்தின் எதிரொலி. பேட்ரிக்குக்கு விவிலியம் தவிர வேறு இலக்கியம் தெரிந்ததாகத் தெரியவில்லை. கணக்குச் சொல்வதற்கும் விவிலியத்தின் குரலைத்தான் எடுக்கிறார். ஆகவே அரை ஸ்க்ரிபுலத்தைப் பேரேட்டு எண்ணாக எடுக்கக்கூடாது, அது பேச்சு வேகம். 15 ஆள் விலையும் 14 நாளும் அப்படியல்ல. அவை உண்மையான எண்கள் போலவே இருக்கின்றன.

அவருடைய செலவில் சேராத செலவும் இருந்தது. 42ஆம் பத்தியில் ஓர் உயர்குடி ஐரிஷ் பெண் வருகிறாள். மிக அழகானவள், வயது வந்தவள். திருமுழுக்குப் பெற்ற சில நாளில் வந்து கன்னியாக வாழப்போகிறேன் என்கிறாள். இப்படிப் பெண்கள் போவதற்குத் தகப்பன்மார் சம்மதிப்பதில்லை, பெற்றோரே கொடுமைப்படுத்துகிறார்கள் என்று எழுதுகிறார். அங்கே மாப்பிள்ளை வீடுதான் பெண்வீட்டுக்குப் பரிசம் கொடுக்கும். மகள் கன்னியர் வரிசையில் சேர்ந்தால் பரிசமும் போச்சு, சம்பந்தத்தால் வரும் அரசியல் கூட்டும் போச்சு. தகப்பனின் கோபத்துக்குச் சாமி மட்டும் காரணமில்லை. எல்லாரிலும் அதிகம் துன்பப்படுவது அடிமைப் பெண்கள், ஓயாத மிரட்டலைத் தாங்குகிறார்கள் என்று அடுத்த வாக்கியத்திலேயே சொல்கிறார். அடிமைப் பெண்ணின் நிலையைக் கவனித்து எழுதும் கை அக்காலத்தில் அரிது.

கடிதத்தில் இதே விஷயம் வெடிக்கிறது. கொரோட்டிகஸின் ஆட்கள் புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களை, நெற்றியில் பூசிய தைலம் காயும் முன், வெள்ளாடையோடு வெட்டுகிறார்கள். மிச்சப் பேரை அடிமையாக விற்கப் பிடித்துப் போகிறார்கள். மறுநாளே பேட்ரிக் ஒரு குருவிடம் கடிதம் கொடுத்தனுப்பிக் கைதிகளைக் கேட்கிறார். சிரித்து அனுப்பிவிடுகிறார்கள். நமக்குக் கிடைத்திருப்பது அதற்குப் பின் எழுதிய பகிரங்கக் கடிதம். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) பிரதேசத்து ரோமக் கிறிஸ்தவர்கள் தகுதியான ஆட்களை ஆயிரக்கணக்கான பொற்காசுகளோடு ஃபிராங்க் மக்களிடம் அனுப்பித் திருமுழுக்குப் பெற்ற கைதிகளை மீட்கிறார்கள், நீயோ அவர்களை விற்கிறாய் என்கிறார். கூடவே ஒரு தண்டனை: இவர்களோடு உண்ணாதே, குடிக்காதே, இவர்கள் தரும் தர்மத்தை வாங்காதே, கைதிகளை விடுவிக்கும்வரை. விருந்தும் வெகுமதியும்தான் ஒரு தலைவனின் பலம். ஊர் விலக்கு வைத்து அந்தப் பலத்தின் வேரிலேயே கைவைக்கிறார். கொரோட்டிகஸ் பணிந்தானா என்பதற்குச் சான்று இல்லை.

காலக்கணக்கில் ஒரு எச்சரிக்கை. 432இல் வந்தார் என்று எங்கும் அச்சாகியிருக்கும். பேட்ரிக் தம் எழுத்தில் ஒரு வருடம்கூடக் குறிக்கவில்லை. உறுதியான வருடம் ஒன்றுதான், 431. அந்த ஆண்டு திருத்தந்தை செலஸ்டீன் 'கிறிஸ்துவை நம்பும் ஐரிஷ் மக்களுக்கு' முதல் ஆயராகப் பல்லாதியுஸை அனுப்பினார் என்று ப்ரோஸ்பர் தம் ஆண்டுக்குறிப்பில் எழுதுகிறார். ஆக அயர்லாந்தில் கிறிஸ்தவர்கள் முன்பே இருந்தார்கள், முதல் ஆயரும் வேறொருவர். பேட்ரிக்கை 432இல் வைத்தால் பல்லாதியுஸ் ஒரே வருடத்தில் காணாமல் போய்விடுவார். அந்த வசதிக்காகத்தான் அந்த எண். இறப்பை ஆண்டுக்குறிப்புகள் 461 என்றும் 493 என்றும் இரண்டு விதமாகச் சொல்கின்றன. கடிதத்தில் ஃபிராங்க் மக்கள் இன்னும் கிறிஸ்தவர்கள் ஆகவில்லை, ஆகவே அது ஃபிராங்க் அரசன் க்ளோவிஸின் திருமுழுக்குக்கு முந்தியது என்பது நியாயமான ஊகம். பாம்புக் கதைக்கு ஒரு வரி போதும்: அயர்லாந்தில் பாம்பு இல்லை என்று சொலினுஸ் என்ற ரோம எழுத்தாளர் 3ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். மூவிலைக் கொழுந்தை வைத்து மூவொரு கடவுளை விளக்கிய கதை 18ஆம் நூற்றாண்டில்தான் எழுத்தில் வருகிறது.

அவர் போனபின் வரவுப் பக்கம் நிரம்பத் தொடங்கியது. 7ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் இரண்டு பேர் அவர் வரலாற்றை எழுதினார்கள். முயிர்ஹூ எழுதியது வீரக்கதை: தாரா அரசவையில் மந்திரவாதிகளோடு போட்டி, தீ, பனி. டீரெகான் எழுதியது பயணக் குறிப்பு போலத் தெரியும். இந்த ஊரில் கோயில் கட்டினார், அந்த ஊரில் இன்னாரை வைத்தார் என்று போய்க்கொண்டே இருக்கும். இதைப் பக்தியோடு மட்டும் படித்தால் ஏமாந்துபோவோம். பேட்ரிக் நிறுவிய கோயில் என்றால் அது ஆர்மாவில், அதாவது அவருடைய தலைமை இடம் என்று உரிமை கொண்டாடிய திருச்சபையில், அவருடைய பதவி வாரிசாக இருப்பவருக்குச் சொந்தம், காணிக்கை அங்கே போக வேண்டும். பேட்ரிக்குக்கு உரியதைப் பறித்துக்கொண்டவர்கள் என்று டீரெகான் வெளிப்படையாகவே புகார் சொல்கிறார். அது சொத்துப் பட்டியல். 737இல் 'பேட்ரிக்கின் சட்டம்' (அவர் பெயரில் ஆர்மா விதித்தது) அயர்லாந்து முழுவதும் நடப்பில் இருந்ததாக ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அதற்கு மூன்று வருடம் முன்பு அவருடைய திருப்பண்டங்களை (புனித நினைவுப் பொருட்களை) ஊர் ஊராகக் கொண்டுபோயிருந்தார்கள்.

807இல் ஃபெர்டோம்னாக் என்ற எழுத்தர், ஆர்மாவில் பேட்ரிக்கின் வாரிசாக இருந்த தோர்பாகுக்காக ஒரு நூலைப் படியெடுத்தார். இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கும் 'ஆர்மா நூல்' அதுதான். முயிர்ஹூவும் டீரெகானும் அதில் இருக்கிறார்கள். கொன்ஃபெஸ்ஸியோவும் இருக்கிறது, பல பகுதிகள் இல்லாமல். கொரோட்டிகஸ் கடிதம் அறவே இல்லை. அவை முழுதாகக் கிடைத்தது மற்றக் கைப்பிரதிகளால்தான்.

1005இல் பிரியன் போரு என்னும் பேரரசன் ஆர்மாவுக்கு வந்தான். அவன் முன்னிலையில் அந்த நூலின் ஒரு பக்கத்தில், ஆர்மாவின் உரிமைகளை உறுதிசெய்து, அவனை 'ஐரிஷ் மக்களின் பேரரசர்' என்று சொல்லும் லத்தீன் குறிப்பு ஒன்றை அவனுடைய குரு எழுதினார். பிரியன் பேட்ரிக்கின் பீடத்தின் மேல் 20 அவுன்ஸ் தங்கம் வைத்துவிட்டுப் போனான். ரோமக் கணக்கில் அரைக் கிலோவுக்கு மேல், 68 பவுன். அரை ஸ்க்ரிபுலமாக எண்ணினால் 960. இந்த முறை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.